ஒட்டகம் சுமந்த அம்புகள்

பகைவனிடம் உள்ள அம்புகள் எப்படியும் தீர்ந்துபோகும். அதுவரை பொறுத்திருந்தால் போதும் என்று கணக்கிட்ட ஒரு படைத்தலைவனைப் பற்றி வரலாறு கூறுகிறது. அவன் ரோமானியன். பெயர் கிராசஸ். ரோமாபுரியின் பெருஞ்செல்வர்களுள் முதல்வன். ஜூலியஸ் சீசர், பாம்ப்பே ஆகிய இருவருடன் சேர்ந்து ரோமானிய ஆட்சியைத் தன் பிடியில் வைத்திருந்த மூவருள் ஒருவன். ஸ்பார்ட்டகஸ் தலைமையில் எழுந்த அடிமைகளின் கிளர்ச்சியைக் கி.மு. 71இல் அடக்கியவனும் இவனே. இவன் போட்ட கணக்கில் பிழை இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டிய ஓர் எண் மட்டும் இவனுக்குத் தெரியாமல் இருந்தது. அதனால் மகனை இழந்தான். தன் உயிரையும் இழந்தான். அவனை நம்பி வந்த வீரர்களில் ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர்.

இது நடந்தது கி.மு. 53இல், கார்ஹே என்ற ஊருக்கு அருகில். இன்று துருக்கி நாட்டின் தென்கிழக்கில் ஹர்ரான் என்று வழங்கும் ஊரே அது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை மறைவிடம் இல்லாத சமவெளி. அங்கே கிராசஸின் எதிரில் நின்றவர்கள் பார்த்தியர்கள். ஈரானையும் மெசொப்பொட்டேமியாவையும் ஆண்டுவந்த அவர்களை அக்காலத்தில் நாடோடிகள் என்று சொல்லுவது பொருந்தாது. நகரங்கள், நாணயங்கள், வரி, அரசவை எல்லாம் அவர்களுக்கு இருந்தன. ஆயினும் அவர்களுடைய அரச மரபு, காஸ்பியன் கடலுக்குக் கிழக்கேயுள்ள புல்வெளியில் கால்நடை மேய்த்துவந்த பர்னி என்ற குலத்திலிருந்து கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தோன்றியதாகும். அரண்மனைக்குக் குடிபெயர்ந்த பின்னரும் அவர்கள் புல்வெளியின் போர் முறையை விட்டுவிடவில்லை. குதிரைமேல் இருந்தபடியே வில்லை வளைப்பதுதான் அந்த முறை.

எனவே, கார்ஹேயில் நடந்தது என்ன என்று அறிய வேண்டுமானால் முதலில் அந்தப் புல்வெளியை நாம் பார்த்தாக வேண்டும்.

புல்வெளி மக்கள்

ஐரோப்பாவில் ஹங்கேரி தொடங்கி ஆசியாவில் மஞ்சூரியா வரை, ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் தொலைவுக்கு ஸ்டெப்பி எனப்படும் புல்வெளி இடைவெளிகளுடன் நீண்டு கிடக்கிறது. மழை குறைவு, குளிர் கடுமை. உழுது பயிரிட ஏற்ற இடங்கள் சில, புல்லோ ஏராளம். மனிதன் புல்லைத் தின்ன முடியாது. ஆடும் மாடும் குதிரையும் தின்னும். ஆகவே, புல்லை உணவாக மாற்றித்தரும் விலங்குகளின் பின்னால் மனிதன் நடந்தான். பிறகு அவற்றில் ஒன்றின் முதுகில் ஏறிக்கொண்டான். இன்றைய குதிரைகளின் மூதாதையர், வால்கா, டான் ஆறுகளின் கீழ்ப்பகுதியிலிருந்து கி.மு. 2200ஐ ஒட்டிப் பிற நாடுகளுக்குப் பரவத் தொடங்கின என்பதைப் பழைய எலும்புகளில் எஞ்சியிருந்த மரபுப்பொருளை ஆராய்ந்து 2021இல் அறிவியலார் வெளியிட்டனர்.

குதிரை கிடைத்த உடனே குதிரை வில்லாளன் தோன்றிவிடவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். பல நூற்றாண்டுகள் குதிரை தேர் இழுத்தது. வில்லாளன் தேரில் நின்றான். குதிரையின் முதுகில் அமர்ந்து, கடிவாளத்தைக் கைவிட்டு, இரு கைகளாலும் வில்லைக் கையாள்வது எளிதன்று. கி.மு. 9ஆம் நூற்றாண்டு அசீரிய அரண்மனைச் சிற்பங்களில் இதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. இரு வீரர்கள் இரு குதிரைகளில் பக்கம்பக்கமாகச் செல்லுகின்றனர். ஒருவன் அம்பு எய்கிறான். மற்றவன் தன் குதிரையின் கடிவாளத்தோடு அவன் குதிரையின் கடிவாளத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறான்! ஒரு வில்லுக்கு இரண்டு ஆள், இரண்டு குதிரை. இரண்டு நூற்றாண்டுகள் கழித்துச் செதுக்கப்பட்ட அசீரியச் சிற்பங்களில் அந்தத் துணையாள் இல்லை. வில்லாளன் தனியாகவே குதிரையைச் செலுத்துகிறான்.

புல்வெளி மக்களுக்கோ இது தொட்டில் பழக்கம். சீனத்தின் வடக்கே வாழ்ந்த ஷியாங்னு மக்களின் குழந்தைகள் செம்மறி ஆட்டின் மேல் ஏறிக்கொண்டு சிறு வில்லால் பறவைகளையும் எலிகளையும் அடித்துப் பழகுவார்கள் என்று சீன வரலாற்றாசிரியர் சூமா சியென் எழுதியுள்ளார். பறவை, எலி, நரி, முயல், பிறகு மனிதன் என்று பயிற்சி வளர்ந்தது. இவர்களிடம் தனியாகப் படை என்று ஒன்று இல்லை. ஆடவர் எல்லோரும் குதிரையேறத் தெரிந்தவர்களே. இந்தப் புல்வெளி மக்களுள் மேற்கே இருந்தவர்களைக் கிரேக்கர்கள் சித்தியர் என்றனர். பாரசீகர்கள் சகர் என்றனர். 1957இல் இந்திய அரசு ஏற்றுக்கொண்ட தேசிய நாட்காட்டியில் உள்ள ‘சக ஆண்டு’ என்னும் பெயர் இந்தச் சகர்களின் பெயரே.

உழவர்களின் அரசுகள் இவர்களைக் ‘காட்டுமிராண்டிகள்’ என்று ஏசிக்கொண்டே இவர்களிடம் பாடமும் கேட்டன. சீனத்தின் ஜாவ் நாட்டு மன்னன் வூலிங் கி.மு. 307இல் தன் வீரர்கள் நீண்ட அங்கியைக் களைந்துவிட்டு, புல்வெளி மக்களைப் போலக் கால்சட்டை அணிந்து குதிரைமேல் வில் பழக வேண்டும் என்று ஆணையிட்டான். அந்நியர் உடையா என்று அவனுடைய சிற்றப்பனே முதலில் எதிர்த்தாராம். இன்று உலகமெங்கும் ஆடவர் அணியும் கால்சட்டை குதிரையேறிகளின் கண்டுபிடிப்பு என்பதைச் சிலரே நினைத்துப் பார்க்கிறார்கள்.

வில்லுக்குள்ளே ஒரு பொறியியல்

குதிரைமேல் இருப்பவனுக்கு நீண்ட வில் உதவாது. குதிரையின் கழுத்துக்கு இப்புறமிருந்து அப்புறம் அதை மாற்ற முடியாது. பின்னால் திரும்பி எய்யவும் முடியாது. ஆகவே வில் குட்டையாக இருக்க வேண்டும். ஆனால் குட்டையான மரவில்லை மார்பு வரை இழுத்தால் முறிந்துவிடும். ஆங்கிலேயர்களின் புகழ்பெற்ற மரவில் ஆள் உயரம் இருந்ததற்குக் காரணம் இதுதான். நீளம் கூடினால் ஒவ்வொரு பகுதியும் குறைவாக வளைந்தால் போதும் அல்லவா?

இந்தச் சிக்கலைப் புல்வெளி மக்கள் தீர்த்த விதம் வியப்புக்குரியது. வளைந்த வில் ஒன்றைக் கூர்ந்து பாருங்கள். வில்லாளனை நோக்கிய உட்புறம் நெருக்கப்படுகிறது; பகைவனை நோக்கிய வெளிப்புறம் இழுபடுகிறது. ஒரே பொருள் இரண்டையும் நன்றாகத் தாங்குவது அரிது. எனவே இரு வேலைகளுக்கும் இரு வேறு பொருள்களை அவர்கள் வைத்தனர். நடுவில் மெல்லிய மரச்சட்டம். உட்புறத்தில் கொம்பிலிருந்து அறுத்தெடுத்த பட்டைகள். கொம்பு நெருக்குதலைத் தாங்கும். வெளிப்புறத்தில் விலங்குகளின் தசைநாண். இது இழுவையைத் தாங்கும். தசைநாணை உலர்த்தி, தட்டி, நார்நாராகப் பிரித்து, பசையில் தோய்த்து, வில்லின் முதுகில் அடுக்கடுக்காகப் படியவைப்பார்கள். பசையும் விலங்கிலிருந்து வந்ததே. நம் ஊர்த் தச்சர்கள் காய்ச்சிப் பயன்படுத்திவந்த வச்சிரப் பசையைப் போன்று தோலையும் தசைநாணையும் காய்ச்சியோ, மீனின் காற்றுப்பையைக் கரைத்தோ எடுப்பார்கள்.

வளையும் பொருளில் சேமிக்கப்படும் ஆற்றலே அம்பின் வேகமாக மாறுகிறது. ஒரு கிலோகிராம் எடையுள்ள பொருள் கெடாமல் எவ்வளவு ஆற்றலைச் சேமிக்க வல்லது என்று பொறியியலார் கணக்கிட்டுள்ளனர். இன்றைய சுருள்வில் எஃகுக்கு இது ஏறத்தாழ 130 ஜூல். கொம்புக்கு 1,500 ஜூல். தசைநாணுக்கு 2,500 ஜூல். எடைக்கு எடை பார்த்தால், மாட்டின் காலிலிருந்து எடுத்த தசைநாண் எஃகைவிடப் பத்தொன்பது மடங்கு ஆற்றலைத் தன்னுள் அடக்கும்! எஃகுப் பட்டையால் வில் செய்தால் அது தன் கனத்தைத் தானே தூக்கி எறிவதிலேயே ஆற்றலைச் செலவழித்துவிடும். இலேசான கொம்பும் தசைநாணும் ஆற்றலின் பெரும்பகுதியை அம்புக்கு ஈந்துவிடுகின்றன.

இன்னொரு நுட்பமும் உண்டு. பசை உலரும்போது தசைநாண் சுருங்கி வில்லை எதிர்ப்புறமாக வளைத்துவிடும். நாண் ஏற்றாத வில், பகைவனை நோக்கி வளைந்து அரைவட்டம் போல இருக்கும். அதை மறுபுறம் திருப்பி நாண் ஏற்றும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது; இழுப்பதற்கு முன்பே வில் விறைத்து நிற்கிறது. வில்லின் இரு நுனிகளிலும் வளையாத எலும்புத் தகடுகளைப் பதிப்பதும் பிற்கால வழக்கம். அவை நெம்புகோல் போல உதவுவதால், நாணை முழுதும் இழுத்த நிலையில் கை சோர்வது குறைகிறது.

இத்தகைய வில் ஒன்றைச் செய்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும். சில சமயம் ஓராண்டுக்கு மேலும் ஆகும். பசை மெல்ல உலர வேண்டும் என்பதே காரணம். இதன் குறையும் அந்தப் பசைதான். ஈரம் பட்டால் இளகிவிடும். வறண்ட புல்வெளியில் பிறந்த கருவி வறண்ட நாட்டில்தான் முழு வலிமையோடு இருந்தது. கொம்பு, தசைநாண், தோற்பசை என்று இதன் உறுப்புகளைப் பாருங்கள்: கிடை வைத்திருப்பவனிடம் இவை எல்லாம் உண்டு. அறுத்து உண்ட ஆட்டிலும் மாட்டிலும் மிஞ்சியவற்றை வைத்தே அவன் அக்கால உலகின் மிகச் சிறந்த வில்லைச் செய்துகொண்டான். இவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று எழுதிய நகரத்தார், இந்த வில்லைப் பிரித்துப் பார்த்திருந்தால் சற்றுத் தயங்கியிருப்பார்கள்.

சமவெளியில் ஒரு நாள்

இனி கார்ஹேவுக்குத் திரும்புவோம். அறுபது வயதைத் தாண்டிய கிராசஸுக்கு சீசரையும் பாம்ப்பேயையும் போலப் போர்ப்புகழ் வேண்டும் என்ற ஆசை. ஏழு லீஜியன்கள், ஏறத்தாழ 4,000 குதிரை வீரர்கள், அதே அளவு இலகு காலாட்கள் ஆகியோருடன் யூப்ரட்டீஸ் ஆற்றைக் கடந்தான். ஆர்மீனிய மன்னன் ஆர்ட்டவாஸ்டிஸ், மலைப்பாங்கான தன் நாட்டின் வழியாக வந்தால் பார்த்தியக் குதிரைகள் உதவாமல் போகும் என்று கூறியிருந்தான். மிக நல்ல யோசனை. கிராசஸ் அதை ஏற்கவில்லை. சமவெளி வழியையே பிடித்தான்.

எதிரே வந்த பார்த்தியத் தளபதி சுரேனா முப்பது வயதும் நிரம்பாதவன். சுரேனா என்பது அவன் சொந்தப் பெயரன்று, குடும்பப் பெயர். அவனிடம் இருந்தவர்கள் 10,000 குதிரையாட்களே என்று, இப்போரைப் பற்றி விரிவாக எழுதிய புளூட்டார்க் கூறுகிறார். அவர்களுள் 1,000 பேர் தாமும் குதிரையும் இரும்பும் வெண்கலமுமாகக் கவசம் பூண்டு நீண்ட ஈட்டி ஏந்தியவர்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் வில்லாளர்கள். எண்ணிக்கையில் ரோமானியர் மூன்று மடங்குக்கும் மேல்.

ரோமானியர் சதுரமாக அணிவகுத்துக் கேடயங்களை நெருக்கி நின்றனர். பார்த்தியர் முரசுகளை முழக்கிக்கொண்டு நாற்புறமும் சூழ்ந்தனர். அம்புகள் பறக்கத் தொடங்கின. நெருக்கமாக நிற்பவர்கள்மேல் குறி தவறுவது கடினம். சரி, விலகி நின்றால் என்ன? விலகினால் கவசக் குதிரைகள் ஈட்டியோடு பாயும். அவை பாயாமல் சும்மா நின்றாலும் போதும். அந்த அச்சத்தினாலேயே ரோமானியர் நெருங்கி நின்றாக வேண்டும். நெருங்கி நின்றால் அம்பு, விலகினால் ஈட்டி. விரட்டிச் சென்றால் வில்லாளர்கள் ஓடுவார்கள்; ஓடும்போதே இடுப்பைத் திருப்பிப் பின்னால் எய்வார்கள். அங்கவடி அக்காலத்தில் இல்லை. இணை அங்கவடிகள் சீனத்தில் கி.பி. 4ஆம் நூற்றாண்டில்தான் தோன்றுகின்றன. சேணத்தைத் தொடைகளால் இறுக்கிக்கொண்டே இதைச் செய்தார்கள் என்றால் பயிற்சியின் அளவை ஊகிக்கலாம்.

கேடயத்தோடு கையையும், தரையோடு காலையும் அம்புகள் சேர்த்துத் தைத்தன என்று புளூட்டார்க் எழுதுகிறார். போருக்கு 150 ஆண்டுகளுக்குப் பின் எழுதியவர்; சற்று மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் அன்றிரவு நடக்கமுடியாத காயம்பட்டவர்கள் ஏறத்தாழ 4,000 பேர் களத்திலேயே விடப்பட்டனர் என்றும் அவரே சொல்கிறார். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உண்மை புலப்படுகிறது. கவசமும் கேடயமும் மார்பைக் காத்தன; மூடாத கைகளும் கால்களும் காயப்பட்டன. நடந்து போர் புரியும் படைக்குக் கால் போனால் என்ன மிஞ்சும்?

இந்த நிலையில்தான் கிராசஸ் தன் கணக்கைப் போட்டான். அதை நாமும் போட்டுப் பார்ப்போம். வில்லாளர்கள் 9,000 பேர் என்றும், தூணி ஒன்றுக்கு 30 அம்புகள் என்றும் கொள்வோம். மொத்தம் 2,70,000 அம்புகள். நிமிடத்துக்கு ஆறு அம்புகள் எய்தால் ஐந்தே நிமிடங்களில் தூணி காலி. நிதானமாக நிமிடத்துக்கு ஒன்று எய்தாலும் அரை மணி நேரம்தான். அதற்குப்பின் அவர்கள் ஒன்று ஓட வேண்டும், அல்லது வாள் எடுத்து நெருங்க வேண்டும். நெருங்கினால் ரோமானியக் காலாளுக்கு நிகர் உலகில் இல்லை. ஆகவே கேடயத்தின் கீழ்ப் பொறுத்திருந்தால் வெற்றி உறுதி. எந்தத் தளபதியும் இப்படித்தான் எண்ணியிருப்பான்.

ஆனால் அம்புமழை நிற்கவில்லை. தூணி காலியானவர்கள் குழுகுழுவாகப் பின்னே சென்று மீண்டு வந்தனர். சற்று நேரத்தில் செய்தி எட்டியது: பார்த்தியரின் பின்னே ஒட்டகங்கள் நிற்கின்றன, அவற்றின் முதுகில் அம்புகள்! சுரேனாவின் மூட்டைமுடிச்சுகளைச் சுமக்க 1,000 ஒட்டகங்கள் இருந்ததாகக் கூறப்படுகிறது. ஓர் அம்பின் எடை 30 கிராம் என்றும், ஓர் ஒட்டகம் 150 கிலோகிராம் சுமக்கும் என்றும் கொண்டால், ஓர் ஒட்டகத்தின் முதுகில் 5,000 அம்புகள். கட்டுகள், பைகளின் எடையைக் கழித்து 4,000 என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் 9,000 தூணிகளையும் ஒரு முறை முழுதாக நிரப்ப 70 ஒட்டகங்கள் போதும். எஞ்சிய ஒட்டகங்களில் பாதி உணவும் நீரும் சுமந்திருந்தாலும் கூட, பொழுது சாயும்வரை எய்வதற்குத் தட்டுப்பாடு இராது.

இங்கேதான் சுரேனாவின் தனித்திறமையைக் காண்கிறோம். புல்வெளியின் வில்லாளனிடம் வேகம் இருந்தது. வலிய வில் இருந்தது. ஆனால் தூணி சிறியது. எய்துவிட்டு மறைவதே அவன் வழக்கம். நாள் முழுதும் ஒரு பெரும்படையை ஓரிடத்தில் அடித்து நிறுத்த அவனால் இயலாது. இலட்சக்கணக்கான அம்புகளை முன்கூட்டியே செய்வித்து, கட்டி, களத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது பட்டறைகளும் பண்டசாலைகளும் உள்ள ஓர் அரசால் மட்டுமே ஆகக்கூடியது. மேய்ப்பனின் வில்லும் அரசின் கிடங்கும் கார்ஹேயில் ஒன்று சேர்ந்தன.

ஒட்டகச் செய்தி கேட்ட கிராசஸ், தன் மகன் பப்ளியஸை 1,300 குதிரை வீரர்கள், 500 வில்லாளர்கள், எட்டுக் காலாள் அணிகள் ஆகியோருடன் பாயச் சொன்னான். பார்த்தியர் ஓடினர், பப்ளியஸ் துரத்தினான், தந்தையின் கண்ணுக்கு மறைந்தபின் அவர்கள் திரும்பிச் சூழ்ந்துகொண்டனர். அவனுடன் இருந்த கால் நாட்டுக் குதிரை வீரர்கள் பார்த்தியரின் ஈட்டிகளை வெறுங்கையால் பற்றி இழுத்தார்கள். தரையில் குதித்துக் கவசக் குதிரைகளின் அடியில் புகுந்து வயிற்றைக் குத்தினார்கள். பயனில்லை. சிறிது நேரத்தில் பப்ளியஸின் தலை ஈட்டி முனையில் தந்தையின் முன் வந்தது.

இருட்டியதும் பார்த்தியர் விலகினர். இரவில் போர் செய்வது அவர்கள் வழக்கமன்று. ரோமானியர் காயம்பட்டவர்களை விட்டுவிட்டு ஊருக்குள் ஒடுங்கினர். பின்வாங்கும் வழியில் சமாதானப் பேச்சுக்கு அழைக்கப்பட்ட இடத்தில் எழுந்த கைகலப்பில் கிராசஸ் கொல்லப்பட்டான். சிறைப்பட்ட 10,000 பேரில் பலர் வெகு தொலைவில், மத்திய ஆசியாவின் மெர்வ் பகுதியில் குடியேற்றப்பட்டனர். வெற்றி பெற்ற சுரேனாவின் முடிவும் நல்லதாக இல்லை. அவன் புகழைக் கண்டு பொறாமை கொண்ட மன்னன் ஓரோடிஸ் விரைவிலேயே அவனைக் கொன்றுவிட்டான்.

சரிவில் ஏறிய குதிரைகள்

பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், கி.மு. 38இல், சிரியாவில் கின்டாரஸ் என்ற இடத்தில் மறுபடியும் இரு தரப்பும் மோதின. இம்முறை ரோமானியத் தளபதி வென்டிடியஸ். சிறுவனாக இருந்தபோது போர்க்கைதியாக ரோமாபுரித் தெருக்களில் ஊர்வலமாக நடத்தப்பட்டவன். பிறகு கோவேறு கழுதைகளை வாடகைக்கு விட்டுப் பிழைத்தவன். சுமை, தீவனம், போக்குவரத்து ஆகியவற்றின் கணக்கு அவனுக்கு நன்றாகத் தெரியும் என்று நம்பலாம். அவன் சமவெளிக்கு இறங்கவில்லை. மேட்டு நிலத்தில் பாசறை அமைத்து அசையாமல் இருந்தான். அஞ்சுகிறான் என்று எண்ணிப் பார்த்தியர் சரிவில் ஏறி மிக அருகில் வந்தனர். ஏற்றத்தில் குதிரையின் வேகம் குறையும். நெருங்கிவிட்டால் வில்லின் தொலைவினால் பயனில்லை. ரோமானியர் மேலிருந்து பாய்ந்தனர். கவண்களிலிருந்து ஈயக்குண்டுகள் பறந்தன. பார்த்திய இளவரசன் பக்கோரஸ் அங்கே மாண்டான்.

கார்ஹேயில் பறிபோன ரோமானியக் கழுகுச் சின்னங்களை அகஸ்டஸ் கி.மு. 20இல் போரின்றிப் பேச்சுவார்த்தையால் திரும்பப் பெற்றான். ரோமானியர் வில்லையும் விடவில்லை. சிரியா முதலிய கீழை நாடுகளிலிருந்து வில்லாளர்களைத் தம் படையில் சேர்த்தனர். குதிரை வில்லாளர் அணிகளையும் அமைத்தனர். புல்வெளியில் பிறந்த அந்த வில் அவர்களோடு பேரரசின் மறுகோடி வரை சென்றது. இங்கிலாந்துக்கு மேற்கே, மழை ஓயாத வேல்ஸ் நாட்டில், கேர்லியன் என்ற ரோமானியக் கோட்டையின் இடிபாடுகளில் வில்லின் நுனியில் பதிக்கும் எலும்புத் தகடுகள் கிடைத்துள்ளன. மரமும் கொம்பும் தசைநாணும் பசையும் அந்த ஈரத்தில் மக்கிவிட்டன; தகடுகள் மட்டும் மிஞ்சின.